பிள்ளையை ஏசவும் வேண்டாம், பெட்டியை எரிக்கவும் வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பழைய கம்பியூட்டரும் கேம் விளையாடுகிற பிள்ளையும் இருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

போன மாதம் ஒரு பின்னேரம், உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவர் தன்னுடைய டெஸ்க்டொப்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். நாங்கள் என்றால், பாடசாலை விட்ட பிறகு பழைய கம்பியூட்டர்களைத் திறந்து பார்த்து முடிந்ததைத் திருத்துகிற இரண்டு மூன்று ஆசிரியர்கள். கூடவே வாப்பாவும் வந்திருந்தார். "சேர், இவன் கேம் விளையாடி விளையாடியே இதப் பழுதாக்கிட்டான்" என்றார். பிள்ளை தலையைக் குனிந்தபடி, "விளையாடினதால இல்ல சேர், ஓவர்க்ளொக் பண்ணினதால" என்று மெல்லச் சொன்னார்.

திறந்ததும் கருகிய மணம். மதர்போர்ட்டில் ப்ரொசெசருக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு தழும்பு. விசாரித்தால் கதை இதுதான். ஜிடிஏ 5 ஸ்டக் ஆகிறது என்று ஒரு கடையில் கேட்டிருக்கிறார். "ஸ்பீடைக் கூட்டித் தாறோம்" என்று காசு வாங்கிக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று கிழமை ஓடியது. பிறகு ஒரு நாள் இரவு அணைந்ததுதான், எழும்பவில்லை. அந்தப் பெட்டி, உம்மா சீட்டுப் பிடித்த காசில் வாங்கியது. பிள்ளையின் இரண்டு வருட நோட்ஸும் கடந்தகால வினாத்தாள்களும் அதற்குள்தான் இருந்தன.

இந்த விஷயத்தில் எங்கள் ஊரில் இரண்டு கட்சி. "கேமே வேண்டாம், பெட்டியில் கை வைக்காதே" என்பது பெற்றோர் கட்சி. "யூடியூப்பைப் பார்த்து நானே செய்வேன்" என்பது பிள்ளைகள் கட்சி. எங்கள் கருத்து இரண்டிலும் சேராது. வேகத்தைக் கூட்டுவது குற்றமில்லை, அது படிக்க வேண்டிய ஒரு வேலை. ஆனால் எது தாமதப்படுத்துகிறது என்று அளந்து பார்க்காமல் கூட்டுவதுதான் பிழை. அப்படிக் கூட்டிக் கொடுத்துக் காசு வாங்குவது அதைவிடப் பெரிய பிழை.

முதலில் ஓவர்க்ளொக் என்றால் என்னவென்று பெற்றோருக்காகச் சொல்கிறோம். ப்ரொசெசர் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. அந்தத் தாளத்தின் மீடிறன்தான் பெட்டியில் எழுதியிருக்கும் கிகாஹேர்ட்ஸ். அந்தப் பிள்ளையின் பெட்டியில் இருந்தது இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600. 2007இல் வந்தது, நான்கு கோர். மதர்போர்ட் கொடுக்கும் அடிப்படை மீடிறன் 266 மெகாஹேர்ட்ஸ். ப்ரொசெசர் அதை 9 ஆல் பெருக்கிக்கொள்ளும். 266 தர 9, ஏறத்தாழ 2,400. அதாவது 2.4 கிகாஹேர்ட்ஸ். அந்த 266ஐ பயோஸுக்குள் போய் 333 ஆக்கினால் 3,000 ஆகிவிடும். புதிதாக ஒரு சாமானும் வாங்காமல் 25 வீதம் வேகம் கூடுகிறது. பிள்ளைகளுக்கு ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை.

கம்பனிக்காரன் ஏன் முதலே 3 கிகாஹேர்ட்ஸ் என்று விற்கவில்லை? எந்த நாட்டு வெப்பத்திலும், எந்தச் சாதாரண ஃபேனோடும், பல வருடம் பிழையில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வேகத்தைக் குறிக்கிறார்கள். சில நேரம் கூடிய வேகத்தில் ஓடக்கூடியதையும் குறைந்த விலைக்காகக் குறைந்த வேகமென்று எழுதி விற்பதுண்டு. 1998இல் வந்த செலரோன் 300ஏ இதற்குப் பேர்போனது. 66ஐ 4.5 ஆல் பெருக்கி 300 மெகாஹேர்ட்ஸில் ஓட வந்தது. அந்த 66ஐ 100 ஆக்கினால் 450. அன்றைக்குப் பல மடங்கு விலை விற்ற பென்டியம் 2க்குப் பக்கத்தில் போய் நின்றது. பிறகு கம்பனிகளே இதை ஒரு வியாபாரமாக்கின. பூட்டுத் திறந்த ப்ரொசெசர் என்று தனியாக விற்கத் தொடங்கின. ஆகவே இது களவு வேலையில்லை. சொந்தப் பெட்டியில் சொந்தப் பொறுப்பில் செய்கிற வேலை. பழைய பெட்டிக்கு இழக்க வேண்டிய வொரன்டியும் இல்லை.

நம்மவர்கள் ஏன் பழைய பெட்டியோடு மல்லுக்கட்டுகிறோம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். 2022இல் இரண்டு மூன்று மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. அதோடு புதுப் பெட்டி, புதுக் கிராபிக்ஸ் கார்ட் எல்லாம் நடுத்தர வீட்டுக்குக் கனவாகிப் போனது. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட பெட்டிகள்தான் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. இருப்பதில் கொஞ்சம் கூட எடுக்கப் பார்ப்பது சோம்பேறித்தனம் இல்லை, அது சிக்கனம். அதனால்தான் "கை வைக்காதே" என்று ஒரேயடியாகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்தப் பெட்டி ஏன் எரிந்தது என்று பார்ப்போம். பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் கவனியுங்கள்.

ப்ரொசெசர் எடுக்கும் வலு, மீடிறனுக்கு நேர்விகிதசமன். வோல்ற்றளவைப் பொறுத்தவரை அதன் வர்க்கத்துக்கு நேர்விகிதசமன். மீடிறனை மட்டும் 25 வீதம் கூட்டினால் வலுவும் ஏறத்தாழ 25 வீதம்தான் கூடும். ஆனால் அந்தக் கடையில் வோல்ற்றளவையும் தாராளமாக ஏற்றிவிட்டிருந்தார்கள். 1.2 வோல்ற்றிலிருந்து 1.35க்கு ஏற்றினார்கள் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 1.35ஐ 1.2 ஆல் பிரித்து வர்க்கித்தால் 1.27. அதை 1.25 ஆல் பெருக்கினால் 1.58. வேகம் கூடியது 25 வீதம், வலு கூடியது 58 வீதம். முழு வேலையில் 95 வாட் எடுத்த ப்ரொசெசர் 150 வாட் கேட்கும்.

இந்த வலுவைக் கொடுப்பது யார்? பவர் சப்ளை கொடுப்பது 12 வோல்ற். அதை 1.2 அளவுக்கு இறக்கிக் கொடுப்பது மதர்போர்ட்டில் ப்ரொசெசருக்குப் பக்கத்திலுள்ள சிறிய பாகங்கள். 95 வாட்டை 1.2 வோல்ற்றால் பிரித்துப் பாருங்கள். ஏறத்தாழ 80 அம்பியர். வீட்டு ட்ரிப் சுவிட்சில் 30, 40 அம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அகல இடத்தில் அதன் இரண்டு மடங்கு ஓட்டம் போகிறது. வேகத்தைக் கூட்டிய பிறகு அது 100ஐத் தாண்டும். அந்தப் பிள்ளையின் மதர்போர்ட் மலிவான ரகம். அந்தப் பாகங்களுக்கு மேல் வெப்பத்தை வெளியேற்ற ஒரு உலோகத் தகடுகூட இருக்கவில்லை. கருகியது அங்கேதான். ப்ரொசெசர் உயிரோடு இருக்கிறது.

இன்னொன்றையும் சேருங்கள். யூடியூப்பில் செய்து காட்டுகிறவரின் அறை 20 பாகை. நம் வீட்டு அறை சித்திரை வெயிலில் 32 பாகை. ஃபேனால் குளிரூட்டும்போது ப்ரொசெசரின் சூடு அறையின் சூட்டுக்கு மேலேதான் ஏறும். அங்கே 70 காட்டினால் இங்கே 82 காட்டும். அவர் சொன்ன எண்ணை அப்படியே எடுத்து நம் பெட்டிக்குப் போடுவது, அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையைப் போடுவது போலத்தான்.

சரி, அவ்வளவு செய்து என்ன லாபம்? ஜிடிஏ 5 கம்பியூட்டருக்கு வந்தது 2015இல். குறைந்தபட்சத் தேவையென்று அந்தக் கம்பனி குறிப்பிட்ட ப்ரொசெசரே இந்த கியூ6600தான். அதாவது ஓவர்க்ளொக் இல்லாமலே, படத் தரத்தைக் குறைத்தால் ஓட வேண்டிய கேம். (அது பிள்ளைகளுக்குரிய கேமா என்பது வேறு கதை. ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று முத்திரை குத்தித்தான் விற்கிறார்கள். பெற்றோர் இதையும் தெரிந்து வைத்திருங்கள்.) அப்படியானால் அது ஏன் ஸ்டக் ஆனது? நாங்கள் பார்த்தது இதுதான். ஹீட்சிங்க் முழுக்கத் தூசி. தேர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. ரெம் 2 ஜிபி ஒன்றே ஒன்று. அந்தக் கேம் குறைந்தது 4 ஜிபி கேட்கிறது. ப்ரொசெசர் அந்த இடத்தில் குற்றவாளியே இல்லை. குற்றமில்லாதவரைப் பிடித்து அடித்த கதை.

ஆகவே வேகத்தைக் கூட்ட நினைக்கிற தம்பிமார், அதற்கு முன்னால் இந்த வரிசையில் போங்கள்.

1. முதலில் துப்பரவு. தூசியை எடுங்கள். தேர்மல் பேஸ்ட் புதிதாகப் போடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். சூடு எல்லை மீறினால் ப்ரொசெசர் தன்னைக் காப்பாற்ற வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். தூசியை எடுத்தாலே தொலைந்த வேகம் திரும்பி வந்த பெட்டிகள் எத்தனையோ பார்த்திருக்கிறோம்.

2. அளந்து பாருங்கள். கேமின் ரெசொலூஷனை நன்றாகக் குறைத்து ஓட்டுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் பக்கம். ப்ரொசெசரை எவ்வளவு கூட்டினாலும் பிரயோசனம் இல்லை. ஃபிரேம் அப்படியே நின்றால் தடை பெரும்பாலும் ப்ரொசெசர் பக்கம். அப்போதுதான் ஓவர்க்ளொக் என்ற பேச்சுக்கே இடம். அப்போதும் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 25 வீதம் கூட்டினால், 32 ஃபிரேம் வந்த இடத்தில் ஆகக் கூடியது 40 வரும். 100 வராது.

3. ரெம்மைப் பாருங்கள். அளவு போதுமா? ஒன்றைப் போட்டிருக்கிறீர்களா, இரண்டைச் சோடியாகப் போட்டிருக்கிறீர்களா? தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பெட்டியில் கிராபிக்ஸும் ரெம்மைத்தான் பங்கு போடுகிறது. அங்கே சோடியாகப் போடுவது பெரிய மாற்றம் தரும்.

4. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி. கேமில் ஃபிரேம் பெரிதாகக் கூடாது. ஆனால் கேம் திறக்க எடுக்கும் நேரமும், நடுவில் விக்கி விக்கி நிற்பதும் குறையும். படிப்பு வேலைக்கும் பெட்டி புதிதுபோல் ஆகிவிடும்.

5. உங்கள் பெட்டியில் ஓவர்க்ளொக் செய்யத்தான் முடியுமா என்று பாருங்கள். 2011க்குப் பிறகு வந்த இன்டெல் ப்ரொசெசர்களில் கடைசியில் 'கே' எழுத்து இருக்க வேண்டும். ஐ5-2500கே என்பதைத் தாராளமாகக் கூட்டலாம், ஐ5-2400ஐ அப்படிக் கூட்ட முடியாது. 'கே' இருந்தாலும் மதர்போர்ட் இடம் கொடுக்க வேண்டும். பி67, இசட்68 கொடுக்கும். எச்61 கொடுக்காது. அலுவலகங்களிலிருந்து வருகிற டெல் ஒப்டிபிளெக்ஸ் போன்ற பெட்டிகளின் பயோஸில் அந்தப் பகுதியே இருக்காது. ஏஎம்டி ரைசன் டெஸ்க்டொப் ப்ரொசெசர்கள் பெரும்பாலும் திறந்தவை, ஆனால் ஏ320 போர்ட்டில் கூட்ட முடியாது. இதைப் பார்க்காமல் "எந்தப் பெட்டியும் கூட்டித் தருவோம்" என்று யாராவது சொன்னால் வந்த வழியே திரும்பி விடுங்கள்.

இந்த ஐந்தையும் தாண்டி வந்தவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். முறை இதுதான். முதலில் முக்கியமான கோப்புகள் எல்லாவற்றையும் வேறொன்றில் பிரதி எடுங்கள். இது கட்டாயம். நிலையில்லாத வேகத்தில் ஓடும் பெட்டி, உங்களுக்குத் தெரியாமலே கோப்புகளில் பிழை எழுதக்கூடும். கியூ6600 காலத்துப் பெட்டிகளில் அடிப்படை மீடிறனைக் கூட்டினால் ரெம்மின் வேகமும் சேர்ந்து கூடும், அதையும் கவனியுங்கள். ஒரேயடியாகப் பாயாமல் பத்துப் பத்து மெகாஹேர்ட்ஸாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் பிரைம்95 போன்ற ஒன்றை ஓட்டிச் சோதியுங்கள், பக்கத்திலேயே சூட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். 80 பாகைக்குக் கீழே வைத்திருப்பது நல்லது. வோல்ற்றளவைத் தொடாதீர்கள். தொடாமல் எவ்வளவு தூரம் போகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். பெரும்பாலான லாபம் அந்த எல்லைக்குள்ளேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் வருகிற சொற்ப வேகத்துக்குத்தான் இவ்வளவு சூடும் செலவும். பெட்டி எழும்பவில்லை என்றால் பயப்பட வேண்டாம். மின்னைத் துண்டித்து, மதர்போர்ட்டிலுள்ள சின்ன பற்றரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் பயோஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கேசிங்கோடு சேர்ந்து வந்த மலிவான பவர் சப்ளையை நம்பி இதில் இறங்க வேண்டாம். மேலே எழுதியிருக்கும் வாட்டை எல்லாம் அது தரும் என்று எண்ண வேண்டாம். மின் கட்டணத்தையும் நினையுங்கள். 55 வாட் கூடுதலாக, நாளுக்கு 4 மணித்தியாலம், மாதம் 30 நாள். 6 யூனிட்டுக்கு மேல் வரும். யூனிட் கூடக் கூட வீதமும் ஏறுகிற நாட்டில், எல்லையில் நிற்கிற வீட்டுக்கு அந்த 6 யூனிட் சின்ன விஷயமில்லை. அந்த பில்லைக் கட்டுவது வாப்பா.

ஓவர்க்ளொக்கால் முடியாததும் உண்டு. பழைய ப்ரொசெசரில் இல்லாத ஆற்றல் வேகத்தைக் கூட்டினால் வந்துவிடாது. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இன்டெலில் 2013க்குப் பிறகுதான் வந்தது. அதைக் கேட்கிற புதிய கேம், ஐ5-2500கேயை 4.5 கிகாஹேர்ட்ஸுக்கு ஏற்றினாலும் திறக்காது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளும் பட்டியலிலும் அவை இல்லை. அந்த இடத்தில் காசைச் சேர்த்து அடுத்த பெட்டிக்குப் போவதுதான் புத்தி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அந்த வாப்பாவின் கோபம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் மகன் செய்ததில் பாதி நல்ல விஷயம். வீட்டிலுள்ள பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை நாம் வீட்டிலும் பாடசாலையிலும் எடுக்காததால்தான் அவர் காசோடு கடைக்குப் போனார். வலு, வோல்ற்றளவு, மீடிறன் எல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுக்கிறார்கள். தன் மேசைக்குக் கீழே இருக்கிற பெட்டிக்கும் அதே சமன்பாடுதான் என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பங்கு ஆசிரியர்களாகிய எங்களுடையது. ஒத்துக்கொள்கிறோம்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒன்று. உங்களை நம்பித்தான் ஊர் பெட்டியைக் கொண்டு வருகிறது. கூட்டிக் கொடுப்பதற்கு முன் அது எந்த போர்ட், எந்த பவர் சப்ளை, கோப்புகளைப் பிரதி எடுத்தாயிற்றா என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். "தம்பி, உனக்குத் தேவை ரெம், இது இல்லை" என்று சொல்லி அனுப்பினால் அன்றைக்கு வரும்படி கொஞ்சம் குறையலாம். அந்தப் பிள்ளை பத்துப் பேரை உங்களிடம் கூட்டி வருவான்.

அந்தப் பெட்டிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நோட்ஸ் எல்லாம் கிடைத்தது. அதைப் பிரதி எடுத்துக் கையில் கொடுத்தபோதுதான் பிள்ளைக்கு மூச்சு வந்தது. பாவித்த மதர்போர்ட் ஒன்று தேடிப் போட்டோம். ரெம்மை 4 ஜிபி ஆக்கினோம், தூசி எடுத்தோம், பேஸ்ட் போட்டோம். எல்லாவற்றையும் அவரையே செய்ய வைத்தோம். வாப்பா பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து பார்த்தார். முடிவில், "அப்ப இதுக்கு ஸ்பீட் கூட்டத் தேவையே இல்லயா சேர்?" என்று கேட்டார். "இப்போதைக்குத் தேவையில்லை" என்றோம். பரீட்சை முடிந்த பிறகு வோல்ற்றளவைத் தொடாமல் எவ்வளவு போகிறது என்று பார்க்கலாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறோம். அதுவரை ஒவ்வொரு நாளும் எத்தனை பாகை காட்டுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வருகிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் ஓடாமல் கிடக்கும் பழைய மதர்போர்ட், ரெம், ப்ரொசெசர் இருந்தால் பழைய இரும்புக்குப் போடாமல் எங்களிடம் தாருங்கள். பிள்ளைகள் கை பழக வேண்டும் என்றால் அது எரிந்தாலும் பரவாயில்லை என்ற பெட்டியில்தான் பழக வேண்டும், வீட்டிலுள்ள ஒரே பெட்டியில் அல்ல. இதில் எங்களைவிடத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறீர்கள். நாங்கள் சொன்னதில் பிழையிருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறோம்.